லினக்ஸ் டெஸ்க்டாப்பில் மவுஸ் சக்கரம்: மெய்ப்பு பார்ப்பவரின் நீண்டகால அனுபவம்

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. திரையின் இடப்பக்கம் ஆசிரியரின் மூலப்படி, வலப்பக்கம் பக்கம் கட்டி வந்த பிடிஎஃப். இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த வேலையில் விசைப்பலகையைவிட அதிகம் உழைப்பது மவுஸின் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரம்தான். திரையில் சாளரங்களைக் காட்டும் அடித்தள மென்பொருள் எக்ஸ்எஃப்ரீ86 ஆக இருந்த காலத்திலிருந்து இப்போதைய வேலண்ட் வரை இதை லினக்ஸ் இயங்குதளத்தில்தான் செய்துவருகிறேன். சக்கரத்தை எனக்கு ஏற்றபடி அமைக்கும் இடம் இந்தக் காலத்துக்குள் பலமுறை மாறிவிட்டது.

மவுஸ் வாங்கும்போது டிபிஐ (அசைவை உணரும் நுணுக்கம்) எவ்வளவு, வயர் உண்டா இல்லையா என்றெல்லாம் கேட்கிறோம். சக்கரத்தை ஒரு படி உருட்டினால் திரையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்கப் படிக்கிறவருக்கு அந்த ஒரு அளவுதான் எல்லாமே. விண்டோஸில் ஒரு படிக்கு மூன்று வரி என்பது வழக்கமான அளவு. செய்தி படிக்க அது சரி. ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் றகரம் வந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கும்போது பக்கத்தைப் பெரிதாக்கி வைத்திருப்போம். அப்போது ஒரு படிக்கே நிறைய நகர்ந்துவிடுகிறது. கண் தான் விட்ட வரியைத் தேடுகிறது. அதே அளவோடு ஆயிரம் பக்க ஆவணத்தில் முன்னும் பின்னும் போக நினைத்தால் விரல் வலிக்கிறது. வேகம் கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. ஆகவே அதைத் திருத்த ஒரு இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதலில் பழைய கதை கொஞ்சம். 1996-ல் மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் வந்தபிறகுதான் சக்கரம் பரவலானது. ஆஃபீஸ் 97 அதற்கு ஆதரவு கொடுத்தது. லினக்ஸில் எக்ஸ் சர்வரின் (சாளரங்களையும் மவுஸையும் கவனித்த அந்த அடித்தள மென்பொருளின்) அமைவுக் கோப்பைத் திறந்து நாமே எழுத வேண்டியிருந்தது. புரோட்டோகால் (மவுஸ் கணினியோடு பேசும் முறை) என்ற இடத்தில் வெறும் பிஎஸ்/2 என்று இருந்தால் மவுஸ் நகரும், கிளிக் ஆகும், சக்கரம் மட்டும் செத்துக் கிடக்கும். அதை ஐஎம்பிஎஸ்/2 என்று மாற்றி, அதன் கீழே இசட் ஆக்சிஸ் மேப்பிங் என்ற வரியில் 4, 5 என்று இரண்டு எண்களைத் தர வேண்டும். எக்ஸ் சர்வரைப் பொறுத்தவரை மேலே உருட்டுவது நான்காவது பொத்தானை அழுத்துவது, கீழே உருட்டுவது ஐந்தாவது பொத்தானை அழுத்துவது. இன்றும் எக்ஸ்11-ல் (அதே எக்ஸ் அமைப்பில்), மவுஸ் அனுப்புவதைக் காட்டும் எக்ஸ்ஈவி கருவியை ஓட்டிச் சக்கரத்தை உருட்டினால் அந்த 4, 5 வரிசையாக வந்து விழுவதைப் பார்க்கலாம்.

புரோட்டோகால் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும்: பொத்தான்கள், கிடை அசைவு, செங்குத்து அசைவு. சக்கரம் உள்ள மவுஸும் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். கணினி அதனிடம் மாதிரி வேகத்தை (வினாடிக்கு எத்தனை முறை தன் நிலையைச் சொல்வது என்ற அளவை) 200, பிறகு 100, பிறகு 80 என்று இதே வரிசையில் வைக்கச் சொல்லி, அதற்கப்புறம் 'நீ யார்' என்று கேட்க வேண்டும். சக்கரம் உள்ள மவுஸ் அப்போதுதான் 3 என்று பதில் சொல்லி, நான்காவது பைட்டையும் சேர்த்து அனுப்பத் தொடங்கும். தெரிந்தவர்கள் மட்டும் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் கதவைத் தட்டுவது போன்ற ஏற்பாடு. பழைய மவுஸ்களையும் பழைய மென்பொருள்களையும் கெடுக்காமல் ஒரு புதிய உறுப்பை உள்ளே நுழைக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

இது தெரிந்தால் இன்னொரு தொல்லையும் புரிந்துவிடும். ஒரே மவுஸை இரண்டு கணினிக்குப் பகிரும் கேவிஎம் பெட்டியை நான் சில காலம் பயன்படுத்தினேன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பெட்டி மவுஸை மீண்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். மவுஸ் மூன்று பைட் அனுப்பும். கணினி நான்கு பைட்டாக எண்ணிப் படிக்கும். சுட்டுமுள் திரையின் மூலைக்குப் பாயும், தானாகவே கிளிக் ஆகும். லினக்ஸின் மையமான கர்னலில் மவுஸைக் கவனிக்கும் பிஎஸ்மவுஸ் என்ற மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றினால் அந்தத் தட்டல் மீண்டும் நடந்து எல்லாம் சரியாகிவிடும். யுஎஸ்பி வந்தபிறகு இந்தப் பிரச்சினையே போய்விட்டது.

பிறகு எக்ஸ் சர்வர் சாதனங்களைத் தானே கண்டுகொள்ளத் தொடங்கியது. கோப்பு எழுதும் வேலை ஒழிந்தது. மவுஸைச் செருகினால் சக்கரம் ஓடும். அடுத்து வந்தது லிப்இன்புட், மவுஸ், டச்பேடு போன்றவற்றின் உள்ளீட்டைக் கையாளும் மென்பொருள். 2015-ல் ஃபெடோரா 22 என்ற லினக்ஸ் வெளியீடு அதையே வழக்கமான உள்ளீட்டு ஓட்டியாக ஏற்றுக்கொண்டது. டச்பேடுக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் சக்கரத்தின் வேகம் என்ற ஒரு அமைப்பை லிப்இன்புட் தருவதில்லை. இத்தனை டிகிரி உருண்டது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதை எத்தனை வரியாக மாற்றுவது என்பது மேலே இருக்கிறவர்களின் பொறுப்பு என்பது அதன் நிலைப்பாடு. கொள்கையாக அது சரிதான். நடைமுறையில், மேலே இருந்த டெஸ்க்டாப் சூழல்கள் (திரையின் தோற்றத்தையும் அமைப்புகளையும் தருபவை) நெடுங்காலம் அந்தப் பொறுப்பைக் கையில் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்றான க்னோமில் நான் பயன்படுத்திய பதிப்புகளில் மவுஸ் அமைப்புகளுக்குள் சுட்டுமுள்ளின் வேகம் உண்டு, உருட்டும் திசை உண்டு, சக்கரத்தின் வேகம் கிடையாது. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி அது. அதற்கு நேரான பதில் இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் கைகாட்டியது ஐஎம்வீல். சின்ன நிரல். 4, 5 பொத்தான்களைத் தான் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ திருப்பி அனுப்பும். வேகத்தைக் கூட்ட அது போதும். ஆனால் போட்டவுடன் விட்டுவிடக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுக்குத் தனித்தனியே வரி எழுதாவிட்டால் கன்ட்ரோலோடு உருட்டிப் பெரிதாக்குவது வேலை செய்யாமல் போகும். பக்கவாட்டில் முன், பின் பொத்தான்கள் உள்ள மவுஸ் என்றால், 4, 5 தவிர வேறு எதையும் தொடாதே என்று அதற்குச் சொல்லி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் உலாவியில் பின்னே போகும் பொத்தான் நின்றுவிடும். இவ்வளவும் செய்தபிறகும் ஒலியளவுச் சின்னத்தின் மேல் உருட்டினால் சத்தம் மூன்று மடங்காகத் தாவும். அதைவிட முக்கியம், ஐஎம்வீலால் கூட்டத்தான் முடியும். ஒரு படியை முக்கால் படியாக ஆக்க முடியாது. எனக்குத் தேவைப்பட்டதோ குறைப்பதுதான்.

ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் அப்போதே நல்ல வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் 'டெல்டா மல்டிப்ளையர்' என்று தேடினால் சில வரிகள் வரும். அவற்றில் 'டிஃபால்ட்' என்ற சொல் உள்ள, ஒய் என்று முடிகிற வரியில் 100 என்று இருக்கும். 200 ஆக்கினால் இரட்டை வேகம், 60 ஆக்கினால் நிதானம். சில ஆண்டுகள் பிடிஎஃப்களையே ஃபயர்ஃபாக்ஸில் திறந்து வேலை செய்ததற்கு இந்த ஒரு வரிதான் காரணம். குரோமியம் உலாவியில் இதற்கு இணையான இடம் எனக்குக் கிடைக்கவில்லை; நீட்சி போட்டுத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அடிப்படையான மாற்றம் கர்னலிலிருந்து வந்தது. 2019 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0-ல் நுண்ணிய உருட்டலுக்கான நிகழ்வுகள் சேர்க்கப்பட்டன. விண்டோஸ் முன்பே வைத்திருந்த கணக்கையே இங்கேயும் எடுத்துக்கொண்டார்கள்: ஒரு முழுப் படி என்றால் 120. நுண்ணிய சக்கரம் உள்ள மவுஸ் ஒரு படிக்குள்ளேயே 15, 15 என்று பகுதி பகுதியாகச் சொல்ல முடியும். லிப்இன்புட் 1.19-லும், 2022-ல் வந்த வேலண்ட் 1.21-லும் அதற்கு வழி திறந்தபிறகுதான் அது டெஸ்க்டாப் வரை வந்து சேர்ந்தது. அடியில் நடந்த ஒரு திருத்தம் கைக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆகிறது. பொறுமையாக இதைச் செய்து முடித்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என் மவுஸ் சாதாரண வயர் மவுஸ்தான். சக்கரம் ஒரு சுற்றுக்கு 24 படி, அதாவது படிக்கு 15 டிகிரி. லிப்இன்புட் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவும் அதுவே. சில மாடல்களில் சுற்றுக்கு 18 படிதான். அப்படிப்பட்ட மாடல்களின் சக்கரக் கோணத்தைக் குறித்துவைக்க, லினக்ஸில் சாதனங்களை அடையாளம் காணும் யுடெவ்-க்குள் ஒரு தகவல் தொகுப்பு இருக்கிறது.

இப்போது நான் இருப்பது கேடிஇ பிளாஸ்மா 6 என்ற டெஸ்க்டாப் சூழல், வேலண்டில். அமைப்புகளுக்குள் மவுஸ் பக்கத்தில் உருட்டும் வேகத்துக்கு ஒரு நகர்த்துக்கோல். இடப்பக்கம் இழுத்தால் உண்மையிலேயே குறைகிறது. எல்லா நிரல்களிலும் ஒரே மாதிரி குறைகிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்தது. மெய்ப்புக்கு ஒரு மவுஸ், வேகம் குறைவாக; மற்ற வேலைக்கு இன்னொன்று, வேகம் கூடுதலாக. இரண்டும் ஒரே மேசையில் செருகியபடியே இருக்கின்றன. ஸ்வே என்ற எளிய சாளர மேலாளரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நகர்த்துக்கோல் இல்லாவிட்டாலும் அமைவுக் கோப்பில் ஸ்க்ரோல் ஃபேக்டர் என்ற ஒரே வரியில் இதே வசதி கிடைக்கிறது. வேகத்துக்காகவே ஒருவர் டெஸ்க்டாப் சூழலை மாற்ற வேண்டுமா என்று கேட்டால், நாள் முழுக்க உருட்டுகிறவராக இருந்தால் மாற்றலாம் என்றுதான் சொல்வேன்.

திசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2011-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன் வந்ததிலிருந்து தலைகீழ் உருட்டலை விரும்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். லினக்ஸில் அதற்கு ஒரு பொத்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. எனக்குப் பழைய திசையே பழக்கம்.

இரண்டு சாளரங்களை ஒப்பிட்டு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வசதி பெரிய கொடை: கிளிக் செய்யாமலே, சுட்டுமுள் எந்தச் சாளரத்தின் மேல் இருக்கிறதோ அது உருளும். லினக்ஸில் இது எப்போதும் இப்படித்தான். விண்டோஸ் 10-ல்தான் இந்த வசதி அமைப்புகளில் சேர்ந்தது. ஆனால் இதற்கே ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. சில நிரல்களில் எழுத்துரு அளவுப் பெட்டியின் மேல் சுட்டுமுள் நின்றிருக்கும்போது உருட்டினால் அளவு சத்தமில்லாமல் மாறிவிடும். நான் எப்போதும் முள்ளை ஆவணத்தின் நடுவில் வைத்தபிறகே உருட்டுவேன்.

அதே போல நடுப்பொத்தான். சக்கரத்தை அழுத்தினால் தேர்ந்தெடுத்து வைத்திருந்த உரை அங்கேயே ஒட்டப்படும். எக்ஸ் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. டெர்மினலில் அருமையான வசதி. மெய்ப்பில் இருக்கும் ஆவணத்திலோ, உருட்டும்போது விரல் சற்று அழுந்தினாலே எங்கிருந்தோ ஒரு வாக்கியம் பத்தியின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். க்னோம் ட்வீக்ஸிலும் கேடிஇ அமைப்புகளிலும் இதை நிறுத்த இடம் உண்டு. எழுத்து வேலை செய்கிறவர்கள் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கீழே உருட்டும்போது பக்கம் அவ்வப்போது மேலே துள்ளினால் அமைப்புகளில் தேடாதீர்கள். சக்கரத்தின் பக்கவாட்டில், அதன் சுழற்சியைக் கணக்கிடும் என்கோடரின் தொடுமுனைகளில் தூசி சேர்ந்திருக்கும், அல்லது அவை தேய்ந்திருக்கும். மவுஸ் அனுப்பும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவிடெஸ்ட் கருவியை ஓட்டி, கீழ்நோக்கி ஒரே திசையில் நிதானமாக உருட்டிப் பாருங்கள். வரிசையாக மைனஸ் ஒன்று வரும் இடத்தில் நடுவே பிளஸ் ஒன்று தலைகாட்டினால் கோளாறு மவுஸுக்குள்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுச் சக்கரத்தை இரண்டு பக்கமும் நன்றாகச் சுழற்றினால் கொஞ்ச காலம் ஓடும். மறுபடி துள்ளத் தொடங்கினால், பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து என்கோடரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதியது பழையதன் உயரத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் அழுந்தாது. என் வயர் மவுஸில் இப்போது இருப்பது அப்படி மாற்றிய என்கோடர்தான். படிகள் இன்னும் தெளிவாக விரலில் தெரிகின்றன.