விஎம் கத்துக்கணுமா? ப்ராக்ஸ்மாக்ஸ் பத்தி என் ரிவ்யூ

ஆபீஸ் சர்வர்ல விஎம் (விர்ச்சுவல் மெஷின், ஒரே சர்வருக்குள்ள சாஃப்ட்வேரால ஓடுற தனித்தனி கம்ப்யூட்டர்) போடவும் அத பாத்துக்கவும் கத்துக்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ப்ராக்ஸ்மாக்ஸ் தான், விஎம் எல்லாத்தையும் ஓட்டி பாத்துக்கற சாஃப்ட்வேர் அது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு சின்ன கம்பெனியில சிஸ்டம்ஸ் பாக்குறேன், டாலி, ஃபைல் சர்வர், அட்டெண்டன்ஸ் எல்லாமே இதுல தான் ஓடுது. கடலூர்லேந்து வர்ற நம்ம ஜூனியர் பசங்களுக்கும் இதுலயே தான் சொல்லித் தர்றேன்.

வியன்னாவுல இருக்கிற கம்பெனியோடது, சாஃப்ட்வேர் 2008லேந்து வருது, டெபியன்ங்கற லினக்ஸ் மேல கேவிஎம் (லினக்ஸ்லயே இருக்கிற விஎம் வசதி) வச்சு பண்ணது. காசு கட்டலன்னாலும் எந்த வசதியும் பூட்டி வைக்கல, கிளஸ்டர் (பல சர்வர ஒண்ணா சேத்து ஓட்டறது) வரைக்கும் எல்லாம் தொறந்தே இருக்கு. இது எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா 2023 நவம்பர்ல பிராட்காம் இதே மாதிரி விஎம் சாஃப்ட்வேர் விக்கிற விஎம்வேர வாங்குனதும் ஒரே தடவ காசு கட்டி வாங்குற லைசன்ஸ நிறுத்துனாங்க, 2024 பிப்ரவரில அவங்களோட இலவச விஎம் சாஃப்ட்வேர் இஎஸ்எக்ஸ்ஐயும் போச்சு, அப்புறம் 2025 ஏப்ரல்ல திருப்பி குடுத்தாங்கன்னாலும் சின்ன கம்பெனிக்கு அந்த மாதிரி ஆட்டம் எல்லாம் தாங்காது. லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற விஎம் சாஃப்ட்வேர் போட்டு பழகலாம், தப்பில்ல, ஆனா பேக்கப் ஷெட்யூல், யூசருக்கு பர்மிஷன், எந்த மெஷின் முதல்ல எழும்பணும்ங்கறதெல்லாம் அதுல கைக்கு வராது.

இன்ஸ்டால் சுலபம், ஆனா டிஸ்க்க மொத்தமா அழிச்சிடும், அத மனசுல வச்சுக்கோங்க. முடிஞ்சதும் வேற கம்ப்யூட்டர்ல பிரவுசர் தொறந்து ஐபி போட்டு 8006 போர்ட்ல போனா எல்லாம் அங்கயே. விண்டோஸ் சர்வர் போடுற எடத்துல தான் பசங்க முழிப்பாங்க, டிஸ்க்க விர்ட்ஐஓ ஸ்கஸில (விஎம்முக்குன்னே பண்ண வேகமான டிஸ்க் வகை, விண்டோஸ்ல இதுக்கு டிரைவர் கெடையாது) வச்சா இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டாது, காலியா நிக்கும். பயப்படாதீங்க, விர்ட்ஐஓ டிரைவர் இருக்கிற ஐஎஸ்ஓ (சிடி மாதிரி ஃபைல்) ஒண்ண ரெண்டாவது சிடி டிரைவா மாட்டி, லோட் டிரைவர் குடுத்து, வியோஸ்கஸி (vioscsi) ஃபோல்டர்ல உங்க விண்டோஸ் வெர்ஷன காட்டுனா டக்குனு வந்துரும்.

ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மோட அந்த நேரத்து நெலமைய அப்படியே சேவ் பண்றது, அருமை. அப்டேட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துட்டா, சொதப்புனா ரோல்பேக், பழைய நெலமைக்கே போயிடலாம். ஆனா அத பேக்கப்னு நம்பிடாதீங்கப்பா, அதுவும் அதே டிஸ்க்ல தான் இருக்கு, டிஸ்க் போனா ரெண்டும் போச்சு. பேக்கப் வேற மெஷினுக்கு போகணும், அதோட அத திருப்பி எடுத்தும் பாக்கணும், நான் பசங்கள அதிகமா செய்ய வைக்கிறது இது தான். ரெஸ்டோர் பண்ணும்போது விஎம்முக்கு புது ஐடி குடுத்து யூனிக்ல டிக் போடுங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க் கார்டுல டிஸ்கனெக்ட் போட்ருங்க, இல்லன்னா ஒரே ஐபியில ரெண்டு சர்வர் நின்னு ஆபீஸே கத்தும். கன்சோல்ல உள்ள போய் அக்கவுண்ட்ஸ் அக்காவ கூப்ட்டு டாலில நேத்து போட்ட பில் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அவங்க "இருக்குப்பா"ன்னு சொன்ன அப்புறம் எந்திரிங்க.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கம் கரையேறி 45 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சுல்ல, அந்த மாதிரி நேரத்துல கரண்ட் போய் வரும்போது ஸ்டார்ட் ஆர்டர் (எந்த விஎம் முதல்ல எழும்பணும்ங்கறது) செட்டிங் தான் கை குடுக்கும். டேட்டாபேஸ் முதல்ல, கொஞ்சம் டிலே விட்டு அப்ளிகேஷன். விண்டோஸ் உள்ள கெஸ்ட் ஏஜெண்ட்டும் (ப்ராக்ஸ்மாக்ஸோட பேசற சின்ன சாஃப்ட்வேர்) போட்டு வைங்க, ஷட்டவுன் ஒழுங்கா நடக்கும்.

குறைன்னா, சப்ஸ்கிரிப்ஷன் இல்லன்னு ஒவ்வொரு லாகின்லயும் ஒரு பெட்டி வரும். அப்டேட் குடுத்தா எண்டர்பிரைஸ் ரெப்போ (காசு கட்டுனவங்களுக்கான அப்டேட் வர்ற எடம்) எரர் அடிக்கும், நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவுக்கு மாத்தணும். தமிழ்ல பாடம் ரொம்ப கம்மி, அது எனக்கு உண்மையாவே வருத்தம், நம்ம பசங்க பாதி பேர் இங்கிலீஷ் டாக்குமெண்டேஷன பாத்தே ஒதுங்கிடறாங்க.

பழகறதுக்கு பழைய ஆபீஸ் பிசி போதும், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கணும். லேன் கேபிள் கண்டிப்பா வேணும், வைஃபைல பிரிட்ஜ் (விஎம்ம ஆபீஸ் நெட்வொர்க்கோட இணைக்கிறது) சரியா நிக்காது.