எம்ஏகே, கேஎம்எஸ், சந்தா: சிறிய அலுவலகத்துக்கு எந்த லைசென்ஸ் சரி?

கோலாலம்பூரில் நம்மவர்கள் நடத்தும் கணக்காய்வு அலுவலகங்கள், வழக்கறிஞர் நிறுவனங்கள், கிள்ளான் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் சரக்கு முகவர்கள் என்று பல இடங்களில் ஒரே நிலைமைதான். ஆபிஸும் விண்டோஸும் மொத்த உரிமத்தில் (வால்யூம் லைசென்ஸ்) முறையாக வாங்கியிருப்பார்கள். ஆனால் ஒரு கணினியை ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றும் நாளில், மென்பொருளைச் செயல்படுத்தும் எழுத்துக் குறியீடான கீ எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாங்கிக் கொடுத்த ஐடி பையன் வேலையை விட்டுப் போயிருப்பார், விற்றவரின் கைப்பேசி எண் மாறியிருக்கும். எம்ஏகே, கேஎம்எஸ் என்ற இரண்டு மொத்த உரிமக் கீ முறைகள், மாதச் சந்தா ஆகியவற்றில் எந்த வகை லைசென்ஸ் வாங்குவது என்பதை விலையோடு சேர்த்து இந்த நாளையும் நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய கணினிக்குள் கீயைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மொத்த உரிமக் கீ ஏற்றிய கணினியில் அதன் கடைசி 5 எழுத்துகள் மட்டுமே தெரியும். விண்டோஸுக்கு எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) கட்டளையும் ஆபிஸுக்கு ஓஎஸ்பிபி (ospp.vbs) ஸ்கிரிப்டும் அதைக் காட்டும். கையில் இரண்டு மூன்று கீ இருந்தால், இந்தக் கணினியில் எது போட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த 5 எழுத்து உதவும், அவ்வளவுதான். முழுக் கீயையும் மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்களை அலுவலகக் கணினியில் ஏற்றாதீர்கள்.

கீ உண்மையில் இருப்பது மைக்ரோசாஃப்டின் இணையதளக் கணக்கில். முன்பு சிறு நிறுவனங்கள் குறைந்தது 5 உரிமங்களோடு தொடங்கும் ஓப்பன் லைசென்ஸ் திட்டத்தில் வாங்கின. புதிதாக அதில் வாங்குவது 2021 இறுதியோடு நின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கீகளை வால்யூம் லைசென்சிங் சர்வீஸ் சென்டரில் பார்ப்போம். இப்போது அந்த வேலை மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டருக்குப் போய்விட்டது. பில்லிங் பகுதியில் உங்கள் தயாரிப்புகள் பக்கத்தைத் திறந்தால், வால்யூம் லைசென்சிங்குக்கு என்று தனி இடம் இருக்கும். 2022-க்குப் பிறகு சிஎஸ்பி எனப்படும் மைக்ரோசாஃப்டின் விற்பனை முகவர் வழியாக நிரந்தர உரிமம் வாங்கியவர்களுக்கும் அதே அட்மின் சென்டர்தான். ஒப்பந்தத்தில் எந்த மின்னஞ்சல் இருக்கிறதோ, அதை வைத்திருப்பவருக்குத்தான் கதவு திறக்கும். விற்பவர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்துகொடுத்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள், இரண்டு பேருக்காவது நிர்வாக உரிமை கொடுத்து வையுங்கள்.

சரி, இப்போது வகைகளுக்கு வருவோம். எம்ஏகே என்பது ஒரே கீயைப் பல கணினிகளில் போடும் முறை. ஒவ்வொரு கணினியும் ஒருமுறை மைக்ரோசாஃப்டோடு பேசி ஆக்டிவேட் ஆகிவிடும் (உரிமம் உறுதியாகிவிடும்), அப்புறம் புதுப்பிக்கத் தேவையில்லை. இணையம் இல்லாத இடத்தில் முன்பு தொலைபேசி வழியாகவும் முடிக்க முடிந்தது. குறை என்னவென்றால், எத்தனை முறை ஆக்டிவேட் செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதே கணினியை ஃபார்மட் செய்து ஏற்றினாலும் இன்னொரு எண்ணிக்கை கழியும், அது திரும்பி வராது. வரம்பு முடிந்தால் மைக்ரோசாஃப்டிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

கேஎம்எஸ் முற்றிலும் வேறு. அலுவலகத்திலேயே ஒரு சர்வர் இருக்கும், மற்றக் கணினிகள் அதனிடம் 1688-ஆம் போர்ட் வழியாகப் பேசி ஆக்டிவேட் ஆகும். ஒருமுறை ஆனது 180 நாள் செல்லும், 7 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். பெரிய இடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. சின்ன அலுவலகத்தில் இடறுவது எங்கே என்றால், குறைந்தது 25 விண்டோஸ் கணினிகள் கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும். ஆபிஸுக்கும் விண்டோஸ் சர்வருக்கும் 5 போதும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் 12 பேர் வேலை செய்யும் இடத்தில் விண்டோஸுக்கு இதை அமைப்பது வீண் உழைப்பு. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களின் மடிக்கணினியும் விபிஎன் வழியாகவாவது அந்த 180 நாளுக்குள் சர்வரைத் தொட்டாக வேண்டும்.

கேஎம்எஸ்ஸில் இன்னொரு குழப்பம். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலேயே விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் கீ பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இலவசமாகக் கிடைத்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அவை ஜிவிஎல்கே எனப்படும் பொதுக் கீகள், உன் சர்வரைத் தேடிக்கொள் என்று கணினிக்குச் சொல்லும் வேலை மட்டுமே அவற்றுக்கு. சர்வரின் கீ உங்கள் ஒப்பந்தத்திலிருந்துதான் வர வேண்டும். முன்பின் தெரியாத கேஎம்எஸ் சர்வரைக் காட்டும் ஆக்டிவேட்டர்களை நம்பினால் திருட்டு மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரும்.

அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு, அதன் ஆக்டிவ் டைரக்டரி வழி ஆக்டிவேஷன் நல்ல தேர்வு. 25 என்ற நிபந்தனை இல்லை, டொமைனில் சேர்ந்த கணினி தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 8-க்குப் பிந்தையவற்றுக்கு மட்டும்தான்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கீயே கிடையாது, பணியாளர் தன் கணக்கில் நுழைந்தால் போதும். ஒருவர் 5 கணினி வரை ஆபிஸை ஏற்றலாம், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இருக்க வேண்டும். ஆள் விலகினால் அட்மின் சென்டரில் உரிமத்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். மாதாமாதம் செலவு ஓடுவது உண்மைதான். ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸோடுதான் வருகின்றன, அந்தக் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. ஆகவே 10, 15 பேர் உள்ள இடத்துக்கு ஆபிஸை மட்டும் சந்தாவில் எடுங்கள் என்பதே என் கருத்து. மேசைக் கணினிகள் மாறாமல், ஆட்களும் மாறாமல் இருக்கும் அலுவலகத்துக்கு எம்ஏகேயோடு, சந்தா இல்லாமல் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் ஆபிஸ் எல்டிஎஸ்சி மலிவாக முடியும். ஆபிஸ் எல்டிஎஸ்சி 2021-க்கான ஆதரவு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது, எனவே இப்போது வாங்கினால் 2024 பதிப்பைக் கேளுங்கள்.

ஆன்லைனில் சில பத்து வெள்ளிக்கு விற்கும் கீகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பல, யாரோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகேயைத் துண்டு போட்டு விற்பவை. அது முடக்கப்பட்டால் புதிதாக ஏற்றும் கணினி எதிலும் எடுபடாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமமில்லாத ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நிறுவனம் செய்த குற்றத்துக்கு இயக்குநரும் பொறுப்பாவார். ஒப்பந்த எண்ணும் உங்கள் நிறுவனப் பெயரும் ஆவணத்தில் இல்லாத கீயை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.