கீழே ஒரு பேச்சு, மேலே ஒரு பேச்சு: என் பழைய 150 சிசி வண்டி

போன வாரம் தங்கை மகன் கூப்பிட்டான். "மாமா, உங்ககிட்ட இருக்கிற அதே வண்டி அருவங்காட்டில ஒண்ணு நிக்குது. 2009 மாடல், 18,000 சொல்றாரு. எடுக்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் என் வண்டிக்கு இன்டேக் பைப், அதாவது கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பர் வைத்த குழாய், மாற்றியிருந்தேன். ஏழு மாதம் கழித்து அன்றைக்குத்தான் வண்டி ஸ்லோவில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒழுங்காக நின்றது. இப்படிப்பட்ட நாளில் என்னிடம் அந்த வண்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற வண்டிதான். ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், கிக்கர் உண்டு. எனக்கு வீடு குன்னூர், வேலை மேட்டுப்பாளையம் பூண்டு மண்டியில். வாரத்தில் நாலு நாளாவது பர்லியார் வழியாக இறங்கி ஏறுகிறேன். 14 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலேயே, பின்னால் ஒரு மூட்டையோடு, முனகாமல் ஏறும். இத்தனை வருடத்தில் கிளட்ச் பிளேட் ஒரே ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன். பனி கொட்டுகிற ஜனவரிக் காலையிலும் இரண்டாவது கிக்கில் எழுந்துவிடும். இதையெல்லாம் சொல்லாவிட்டால் பாவம்.

ஆனால் அந்த ஏழு மாதம்.

ஆரம்பம் மேட்டுப்பாளையம் ரயில்வே கேட்டில். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் (இன்ஜின் வேகம்) இறங்கவில்லை. 1,400-ல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 2,500-ல் தொங்கியது. பக்கத்து ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து முள் தானாகச் சரிந்து, ரொம்பவே சரிந்து, வண்டி ஆஃப். கேட் திறந்ததும் மறுபடி அதே கதை. ஆனால் ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் எவ்வளவு சொன்னாலும் மெக்கானிக்குகள் நம்பவில்லை.

கீழே இருக்கிற மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை வெளுத்திருந்தது. "பெட்ரோல் பத்தலீங்க" என்று, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் ஸ்க்ரூவை முக்கால் சுற்று வெளியே திருப்பினார். அங்கே ஓரளவு நின்றது. குன்னூர் வந்து சேர்ந்தால் ஒரே பெட்ரோல் வாடை, மறுநாள் பிளக் கரி. மேலே இருக்கிற மெக்கானிக் "யாருண்ணா இதைக் கை வெச்சது?" என்று கேட்டுவிட்டு அதே ஸ்க்ரூவை உள்ளே திருப்பினார். மறுபடி இறங்கினால் ரேஸ் தொங்கும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் திட்ட, கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் திட்ட, நடுவில் நானும் என் பர்ஸும். பிளக், பிளக் கேப், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் கிட், டேப்பெட் செட்டிங் என்று 4,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

இப்போது யோசித்தால் இருவர் சொன்னதும் சரிதான். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஸ்லோவில் பெட்ரோல் விடுகிற சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டுக்கு உயரமெல்லாம் தெரியாது. கீழே கொடுத்த பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே மேலேயும் கொடுக்கும். அதனால் மேலே கலவை பெட்ரோல் பக்கம் சாயும். என் வண்டியிலோ எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேலே கூடுதல் பெட்ரோலும் திருட்டுக் காற்றும் ஒன்றையொன்று ஓரளவு சமாளித்துக்கொண்டன. கீழே இறங்கியதும் குட்டு வெளிப்பட்டது. குன்னூரிலேயே இருந்திருந்தால் இந்த லீக்கோடு இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பேன்.

ஓட்டத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதுதான் இன்டேக் பைப்புக்குள் வெற்றிடம் பலமாக இருக்கும். சின்னக் கீறல் கூடக் காற்றை உறிஞ்சும். திருகித் திறந்ததும் வெற்றிடம் குறைந்துவிடும், வருகிற காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒன்றுமே இல்லை.

இதை வெறும் எரிச்சல் என்று விட முடியாது. பர்லியாருக்கு மேலே வளைவில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் இன்ஜின் வண்டியைப் பிடிக்க வேண்டும். என் வண்டி பிடிக்காமல் தள்ளியது. எதிரே லாரி ஏறி வருகிறது, பின்னால் மூட்டை, வண்டி தன் இஷ்டத்துக்கு 2,500-ல். அன்று பிரேக்கை அழுத்திய அழுத்தில் கணுக்கால் வலித்தது. அந்த நிமிடத்தில் யாராவது 500 ரூபாய் கொடுத்திருந்தால் சாவியை நீட்டியிருப்பேன்.

கண்டுபிடித்தது மெக்கானிக் அல்ல, நானும் அல்ல. மனைவியின் பூந்தொட்டி ஸ்பிரே பாட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்லோவில் விட்டு, கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே மண்ணைக் கழுவலாம் என்று தண்ணீர் தெளித்தேன். குதித்துக்கொண்டிருந்த ரேஸ் சட்டென்று அடங்கியது. நாலைந்து நொடி. அப்புறம் பழைய குதி. மறுபடி தெளித்தேன், மறுபடி அடங்கியது. எங்கேயோ இருக்கிற கீறலைத் தண்ணீர் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கீழே இருக்கிற பட்டறையில் இதே சோதனையை ஊசியில் பெட்ரோலை எடுத்துப் பீய்ச்சிச் செய்தார்கள், சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளி. அதை யாரும் செய்ய விடாதீர்கள். தண்ணீர் போதும், ஃபில்டர் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தது ஒரு லீக் அல்ல, இரண்டு. இன்டேக்கிலிருந்து ஏர் வால்வுக்கு (சைலன்சர் பக்கம் வெளிக்காற்றை விடுகிற வால்வு) போகிற சின்ன வேக்கம் (வெற்றிட) டியூபின் முனை காய்ந்து, விரிந்து, நிப்பிளில் சும்மா உட்கார்ந்திருந்தது. இறக்கத்தில் சைலன்சர் 'பட் பட்' என்று வெடித்தது இதனால்தான். அந்த வேளையில் வெளிக்காற்றை நிறுத்த வேண்டிய வால்வுக்கு வேக்கமே சரியாகப் போய்ச் சேரவில்லை. முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகினேன், வெடிப்பு நின்றது. டியூபை நோஸ் பிளையரால், துணி சுற்றி, அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், ரேஸ் அசையவில்லை. அப்படியானால் மிச்சம் வேறு இடத்தில். பைப்பைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோதுதான் அடிப்பக்க ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு வாயைத் திறந்தது. மாட்டியிருக்கும்போது நூறு முறை பார்த்தாலும் தெரியாத இடம்.

கீறலில் கேஸ்கட் பேஸ்ட் தடவினேன். பெட்ரோல் பட்டு மூன்று வாரத்தில் ஊறி உரிந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டது இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. புதிது வாங்கலாம் என்றால் டூப்ளிகேட் மட்டும்தான் கிடைத்தது. அதன் முகம் தட்டையாகவே இல்லை. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து அரை மணி நேரம் தேய்த்து, புது ஓ-ரிங் வைத்த பிறகுதான் உட்கார்ந்தது. எத்தனை மாதம் தாங்கும் என்பது அந்த ரப்பருக்கே வெளிச்சம்.

வண்டியை வடிவமைத்தவர்களைக் குறை சொல்வதும் முழு நியாயமில்லை. 15 வருட ரப்பர் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு சின்னக் கீறலைப் பார்க்க டேங்கை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்று வைத்தார்களே, அவர்களை ஒரு தடவை பர்லியார் மழையில் ஸ்பானரோடு நிறுத்த வேண்டும்.

மருமகனுக்கு இரவுதான் பதில் சொன்னேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார். சூடானதற்குப் பிறகும் சோக் போட்டு பெட்ரோலைக் கூட்டினால்தான் நன்றாக நிற்கிறது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறதோ என்று சந்தேகப்படு. பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போ. முடிந்தால் மேட்டுப்பாளையம் வரை ஒரு தடவை இறக்கிப் பார்; அருவங்காட்டில் நின்றுகொண்டு ஸ்லோ பார்த்து ஏமாறாதே.

"சரி மாமா, கடைசியா எடுக்கலாமா வேணாமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வண்டிக்காரர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அதில் இருக்கிற இன்டேக் பைப் ஒரிஜினலாக இருந்தால் எனக்கு வேண்டும்.