டானா பள்ளத்தாக்கு: இறங்கி நடப்பவர்களுக்கான காப்பகம்

ஜோர்டானுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெட்ராவைப் பார்த்த கையோடு வாதி ரம் பாலைவனத்துக்கோ சாக்கடலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பெட்ராவுக்கு வடக்கே இருக்கும் டானா உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று நான் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். மூன்று நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம். 1966இல் தொடங்கப்பட்ட இயற்கைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் இதை நிர்வகிக்கிறது. 1998இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

செங்குத்தான சரிவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கல்வீடுகளைக் கொண்ட டானா கிராமத்தில் நடை தொடங்குகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் இருக்கும் ஃபெய்னான் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நின்று பார்த்து நடந்தால் ஆறு மணி நேரமாவது ஆகும். அதற்குள் சுமார் 900 மீட்டர் இறங்கிவிடுகிறோம். மேலே குளிர்காற்றும் ஜூனிப்பர் மரங்களும் இருக்க, நடுவே சுண்ணாம்புப்பாறை மறைந்து செம்மணற்கல் எழும்ப, அடிவாரத்தை நெருங்கும்போது வேல மரங்களும், ஈரம் கசியும் இடங்களில் இளஞ்சிவப்பாய்ப் பூத்த அரளிப் புதர்களும் வந்துவிடுகின்றன. காலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை முதல் மணி நேரத்திலேயே கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

விலங்குகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஓநாயும் காரகல் பூனையும் இங்கே வாழ்கின்றன என்றாலும், பகலில் நடந்துபோகிறவர் கண்ணில் அவை படும் என்று நம்பி வரக்கூடாது. நான் நூபிய ஐபெக்ஸ் என்ற மலைக் காட்டாட்டைப் பார்த்தேன் என்றால், அது எங்கள் வழிகாட்டியான பெதுயின் (பாலைவன நாடோடி இன) முதியவரின் தயவால்தான். அவர் ஒரு பாறை நிழலில் எங்களை உட்காரவைத்து, பேச வேண்டாம் என்று விரலைக் காட்டினார். அரை மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு எதிர்ச்சரிவிலிருந்து இரண்டு கூழாங்கற்கள் உருண்டு விழும் ஓசை கேட்டது. தொலைநோக்கியைத் திருப்பியபோது, பின்னோக்கி வளைந்து கணுக்கணுவாய்ப் புடைத்த கொம்புகளோடு ஒரு கிடா, கால் வைக்க இடமே இல்லாததுபோல் தெரிந்த விளிம்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வரையாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிதானம் புதிதல்ல. ஆனால் அதற்குப் பின்னால் பசுமையே இல்லாத வெறும் செம்பாறை இருந்தது என்னை உலுக்கிவிட்டது. பறவைகள் இவ்வளவு பொறுமையைக் கேட்பதில்லை. ஜோர்டானின் தேசியப் பறவையான சினாய் ரோஸ்ஃபிஞ்சின் ஆண் பறவையை, நீர் கசியும் ஓரிடத்தில் பத்தடி தூரத்தில் பார்த்தேன். தலையிலும் மார்பிலும் ரோஜா நிறம், நெற்றியில் வெண்பொடி தூவியது போன்ற மினுமினுப்பு.

குறைகளும் உண்டு. வழிக்குறிகள் போதாது, படுகை அகலும் இடங்களில் எந்தத் தடத்தைப் பிடிப்பது என்று வழிகாட்டி இல்லாதவர் தடுமாறுவார். வழியில் குடிநீர் கிடைக்காது, ஆளுக்கு நான்கு லிட்டராவது சுமக்க வேண்டும். கீழே இறங்கியவர் மேலே திரும்ப மலையைச் சுற்றி நெடுந்தூரம் வண்டியில்தான் வர வேண்டும். எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பிவைத்து, அதற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மார்ச் முதல் மே வரையோ செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையோ வருவது நல்லது. குளிர்காலத்தில் மேலே எங்கோ பெய்யும் மழை இந்தப் படுகையில் திடீர் வெள்ளமாக இறங்கும்; மழை அறிவிப்பு இருந்தால் நடையைத் தள்ளிப்போடத் தயங்க வேண்டாம்.

ஃபெய்னானில் கால்மாட்டில் கிடக்கும் கருங்கட்டிகளைக் குனிந்து பாருங்கள். அவை பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே செம்பு உருக்கியதால் மிஞ்சிய கசடு. ரோமானியர் காலத்தில் தண்டனை பெற்றவர்களை அனுப்பி வேலை வாங்கிய சுரங்கங்களும் இங்கேதான் இருந்தன. அதே செம்புக்காக 2021இல் காப்பகத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க அரசு முன்வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கிடா நின்ற சரிவை நேரில் கண்ட பிறகு, எதிர்த்தவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். முடிந்தால் ஃபெய்னானிலேயே ஓர் இரவு தங்குங்கள்: அங்குள்ள விடுதியில் இரவு வெளிச்சம் பெரும்பாலும் மெழுகுவர்த்திகளிலிருந்துதான் வருகிறது, மொட்டைமாடியில் படுத்தால் பள்ளத்தாக்கின் வாய் வழியே இறங்கும் காற்றின் ஓசை விடியும்வரை கேட்கிறது.