மட்டக்களப்பில் ஒரு நாள் ஆட்டோ ஹயர்: எடுக்கலாம், பாசிக்குடாவை வெட்டிவிட்டு

மட்டக்களப்பு ரெயில் நிலைய வாசலில் இறங்கி, "ஊர் சுற்றிப் பார்க்க எவ்வளவு?" என்று கேட்டால், ஆட்டோக்காரர் ஒரே மூச்சில் சொல்லும் பட்டியல் இது: கோட்டை, வெளிச்சவீடு, மாமாங்கம், காந்தி பூங்கா, கல்லடிப் பாலம், காத்தான்குடி, பாசிக்குடா. பட்டியலில் உள்ள இடங்கள் எல்லாம் போகத்தக்கவைதான். கோளாறு கடைசிப் பெயரிலும், போகிற ஒழுங்கிலும் இருக்கிறது.

பாசிக்குடா நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவில் போய்வர மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. அங்கே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அந்தக் கடலில் குளிக்கத்தான் போவது, குளித்தால் அரை நாள் போய்விடும். "பாசிக்குடாவும் காட்டுவேன்" என்ற பக்கேஜில் நகரத்துக்கு மிஞ்சுவது ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷமும் ஒரு படமும்தான். அதற்கு இன்னொரு நாள் வைத்து, ரெயிலிலோ பஸ்ஸிலோ வாழைச்சேனைக்குப் போய் அங்கிருந்து சின்ன ஹயர் பிடிப்பது மலிவு.

கூலி பேசும்போது நான்கு விஷயங்களைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். மொத்தத் தொகை, காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, எத்தனை மணிவரை, கடைசியில் எங்கே இறக்கிவிடுவது. சண்டை வருவது அநேகமாக மூன்றாவதில்தான். "ஒரு நாள்" என்றால் நமக்குப் பொழுதுபடும்வரை, அவருக்குப் பின்னேரம் நாலு மணி. இடங்களை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பிறகு வாய்த்தர்க்கம் இல்லை. பெரியவர்கள் மூன்று பேருக்கு மேல் ஏறினால் ஆட்டோ சரிவராது, வான் பாருங்கள்.

இனி ஒழுங்கு. கடற்கரைப் பக்கத்துக்கு எழுவான்கரை, வாவிக்கு மேற்கே உள்ளதற்குப் படுவான்கரை என்று ஊராரே பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. அதன்படியே போனால் வெயிலும் முகத்தில் அடிக்காது.

காலை ஆறரைக்கு பார் வீதியால் நேரே பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். மேலே ஏறலாம் என்று நம்பிப் போக வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது வாவியும் கண்டல் காடும். படகு ஏறுவதானால் இந்த நேரத்திலேயே ஏறிவிடுங்கள். பத்து மணி தாண்டினால் கடற்காற்று எழும்பி வாவி நெளியத் தொடங்கும், படகும் ஆடும், கொக்கும் நாரையும் நிழலுக்குள் போய்விடும். காசு படகுக்கா, ஆளுக்கா என்று கேட்டுவிட்டு, உயிர்காப்பு அங்கி தராத படகைக் கைவிடுங்கள். முகத்துவாரத்துப் பக்கம் குளிக்க இறங்கவே கூடாது. மாரியில் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் முழுவதும் அந்த வாயால்தான் கடலுக்குப் பாயும். மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும்.

திரும்பும் வழியில்தான் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில். மத்தியானம் நடை சாத்தும் முன் போய்விடலாம் என்பது இந்த ஒழுங்கில் கிடைக்கும் இன்னொரு லாபம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே கூடும் குளம் இதுதான். அந்த நாளில் ஆட்டோ ஹயரை மறந்துவிட்டு நடந்து போங்கள்.

பிறகு நகரத்தின் நடுவே வாவிக்குள் இருக்கும் புளியந்தீவு. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்தே வருஷத்தில் 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் முதலில் விழுந்த கோட்டை இது. நான்கு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கமும் அகழி. வாசலால் நுழையும்போது நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள், வெயில் நேரத்திலும் அந்த வாசலுக்குள் குளிர்ச்சி நிற்கும். மதிலின் மேல் நிழல் என்று ஒன்றுமில்லை, பதினொரு மணிக்குப் பிறகு ஏறுவது தண்டனை. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், உள்ளேயே இயங்கியதால், பழைய சுவருக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் நடுவே எது எந்தக் காலத்தது என்று குழம்பும். அரை மணி போதும். காந்தி பூங்காவில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை நிற்கிறது. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கமும் அந்த வருஷம்தான்.

சாப்பாடு நகரத்திலேயே. ஆட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகும் இடத்தைவிட, உள்ளூர் அலுவலகக்காரர் மத்தியானச் சோற்றுக்கு நிற்கும் கடை மேல். இறாலும் கணவாயும் நம்பிக் கேட்கலாம். நண்டு மட்டும் விலை ஒரு நண்டுக்கா, பிளேற்றுக்கா என்று உறுதிப்படுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

வெயில் உச்சியில் காத்தான்குடி. நடுவீதியில் பேரீச்ச மரங்கள் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது. பூர்வீக நூதனசாலையில் கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை ஆளளவு உருவங்களாக வைத்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டிக் கிடக்கும், அன்றைக்கு இதைப் பின்னேரத்துக்குத் தள்ளுங்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது ஆட்டோவின் திறந்த பக்கம் அடுப்பு வாய்தான். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று வேண்டும்.

கோயில் விருப்பமுள்ளவர்கள் அப்படியே ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு வரலாம். 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறித்தான் வாவி கடக்க வேண்டும். ஆனால் இதைச் சேர்த்தால் கல்லடியில் பொழுது குறையும், கூலியும் கூடும். முன்கூட்டியே பேசாமல் வழியில் கேட்டால் இரட்டிப்பாகக்கூடக் கேட்பார்கள்.

கல்லடிக்கு நாலரை மணிக்கு வந்தால் சரி. விபுலானந்த அடிகளின் சமாதி சிவானந்தா வித்தியாலயப் பக்கம்; பாடசாலை நேரமானால் வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். கல்லடிக் கடற்கரை நடக்கவும் உட்காரவும் நல்லது, குளிக்க அல்ல. இது பாசிக்குடா இல்லை, கரையோரமே பள்ளம்.

நாளின் உச்சம் பழைய கல்லடிப் பாலம். 1924இன் இரும்புப் பாலம், லேடி மனிங் என்பது அதன் பெயர். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபின் பெரிய வாகனங்கள் அங்கே போய்விட்டன. ஆட்டோவை ஒரு முனையில் விட்டு, மறு முனையில் வந்து நிற்கச் சொல்லிவிட்டு நடந்து கடவுங்கள். சூரியன் வாவிக்குள் இறங்குவதைப் பார்க்க இந்த நகரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

வாவிக்கு அடியிலிருந்து இரவில் கேட்கும் ஓசைக்கு ஊரார் வைத்த பெயர் பாடும் மீன். அதற்கு ஆட்டோவால் ஒன்றும் செய்ய முடியாது. ஏப்ரல் முதல் செப்டெம்பர்வரை, பூரணையை ஒட்டிய காற்றில்லாத இரவில், பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்க வேண்டும். மோட்டார் போட்டால் போச்சு. பூரணை என்றால் போயா விடுமுறை என்பதையும் கணக்கில் எடுங்கள். அரச அலுவலகம் பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு.

ஆட்டோ ஹயர் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி. பேசி முடித்துப் போனால் நாலு. எருமைத் தயிர் வாங்குவதைப் பாலம் பார்த்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கிய சட்டி ஆட்டோவின் குலுக்கலில் தண்ணீர் விட்டு, பொழுதுபடும்போது பாதி மோராகிச் சீற்றில் வடிந்திருக்கும்.