பெப்ரின் நோயின் நுண்வித்தைப் படமெடுக்க மலிவுக் கேமரா போதுமா? சில ஆண்டு அனுபவம்

தர்மபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு கொண்டுவரும் விவசாயிகளிடம் பெப்ரின் என்று சொன்னாலே முகம் மாறும். பட்டுப்புழுவைத் தாக்கி, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் தொற்றும் நோய் அது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் 1860களில் லூயி பாஸ்டர் வகுத்த வழி, இன்றும் அதுவே. தேடுவது நோய்க்கிருமியின் வித்தை (ஸ்போர்). அதன் நீளம் 3 முதல் 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு. அந்த வித்தைத் திரையில் காட்டவும் பதிவு செய்யவும் இரண்டு கேமராக்கள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, கண்ணருகு லென்ஸ் இருக்கும் இடத்தில் செருகும் யுஎஸ்பி கேமரா. முழு ஹெச்டி, நொடிக்கு 30 பிரேம் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். சுருக்காத ஒரு படம் சுமார் 4 மெகாபைட். 30 படம் என்றால் நொடிக்கு 124 மெகாபைட். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் 40ஐ ஒட்டித்தான் கடத்தும். ஆக, 30 பிரேம் வேண்டுமானால் ஜேபெக் சுருக்கம்தான். விளக்கைக் குறைத்தால் அந்த 30ம் நிற்காது. தானியங்கி ஒளி அமைப்பு ஒவ்வொரு பிரேமையும் நீட்டிவிடும். கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் படம்பிடித்து பிரேம்களை எண்ணினால் குட்டு உடைந்துவிடும்.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை அளப்பதும் எளிதுதான். வெறும் ஸ்லைடை ஒரே ஒளியில் இருமுறை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிஞ்சும் மதிப்புகளின் திட்ட விலக்கத்தை (சிதறலின் அளவை) 1.414ஆல் வகுக்க வேண்டும். இரு படங்களின் இரைச்சலும் சேர்ந்திருப்பதால் இந்த வகுத்தல். ஒளித்துகள்கள் ஒழுங்கின்றி வந்து விழுவதால், வெளிச்சம் நான்கு மடங்கானால் இரைச்சல் இரு மடங்காக வேண்டும். இந்தக் கேமராவில் அது ஏறவே இல்லை. சென்சார் அவ்வளவு உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் மழுக்கித் தருகிறது. வித்தின் பளபளக்கும் விளிம்பும் அதோடு போய்விடுகிறது.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்காக 2020இல் வந்த ஹெச்க்யூ கேமரா. ஐஎம்எக்ஸ்477 சென்சார், 1.2 கோடி பிக்சல். 12 பிட் மூலத் தரவை அப்படியே தருகிறது. மேலே சொன்ன சோதனையில் இரைச்சல் கணக்குப்படி ஏறியது. ஆனால் முழு அளவில் நொடிக்குச் சுமார் 10 பிரேம்தான். நீரில் நடுங்கிக்கொண்டிருக்கும் வித்துக்கு அது போதாது.

இங்கேதான் மெகாபிக்சல் மோகத்தை விட வேண்டும். 0.65 துளை எண் (நுண்விவரத்தைப் பிரிக்கும் திறனைச் சொல்லும் எண்) கொண்ட 40 மடங்கு பொருளருகு லென்ஸால் அரை மைக்ரானுக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. அந்த அரை மைக்ரான் சென்சாரில் 20 மைக்ரானாக விழும். பிக்சலின் அகலமோ 1.55. ஒரே விவரத்தைப் பதின்மூன்று பிக்சல்கள் பங்குபோடுகின்றன! நான்கு பிக்சல்களை ஒன்றாக்கும் 2028×1520 முறைக்கு மாறினேன். விவரம் எதுவும் குறையவில்லை. இரைச்சல் ஏறக்குறையப் பாதியானது. வேகம் 40 பிரேம்.

குறைகளும் உண்டு. சிறிய சென்சார் என்பதால் பார்வைப் பரப்பு சுமார் 157 மைக்ரான் அகலம்தான். அரை மடங்குக் குறைப்பு லென்ஸ் போட்ட பிறகே வேலை ஓடியது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால், மின்சாரத்தோடு துடிக்கும் எல்இடி விளக்கில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒளிநேரத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 10 அல்லது 20 மில்லிநொடியாக வைத்தால் மறைந்துவிடும். சித்திரை வெயிலில் கேமரா சூடாகி இரைச்சல் கூடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இவ்வளவு குறுகிய ஒளிநேரத்தில் அது பொருட்டே இல்லை. பல நொடி திறந்து வைக்கும் ஒளிர்வுப் படங்களுக்குத்தான் தலைவலி.

வேகமாக நீந்தும் உயிரிகளைப் படமெடுக்க விரும்புவோர் இதை வாங்க வேண்டாம். எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும் ஐஎம்எக்ஸ்296 சென்சார் கொண்ட பை கேமரா இருக்கிறது. 16 லட்சம் பிக்சல்தான், ஆனால் 40 மடங்கு லென்ஸுக்கு அதுவே தாராளம்.