சைலன்சர் ஸ்டட்டை முறித்துவிட்டு எம் சீல் பூசி மறைத்த பட்டறை: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நாகப்பட்டினம் பக்கம் ஒரு பட்டறையில் சைலன்சர் கேஸ்கெட் (புகை கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற விட்ட பழைய 100 சிசி ஹீரோ ஹோண்டா, ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) பாழாகித் திரும்பி வந்திருக்கிறது. பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. என்ன செய்தார்கள், எப்படிச் செய்திருக்க வேண்டும், வண்டியைத் திரும்ப எடுக்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வண்டியில் பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) ஹெட்டோடு சேரும் இடத்தில் 6 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) இரண்டு இருக்கும். நட்டுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பானர். ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். உப்பு ஈரம் இடையில் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் எடுப்பதால் மரையை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் சாதாரணத் துரு வேறு. கோடியக்கரையிலிருந்து தரங்கம்பாடி வரை கடல்காற்று. கடலோர ஊர்கள் பலவற்றில் போர் தண்ணீரே உப்பு, அதில்தான் வண்டியும் கழுவுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வயல் சேறு ஏறி எஞ்சினில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். இங்கே பல வருடம் ஓடிய வண்டியில் அந்த நட் சும்மா சுழன்று வரும் என்று எந்த மெக்கானிக்கும் நினைக்கக் கூடாது.

பட்டறையில் நடந்தது வண்டியைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டு 10-ஆம் நம்பர் நட்டும் காணோம். அந்த இடத்தில் 13-ஆம் நம்பர் போல்ட் இரண்டு நிற்கின்றன. அதாவது 6 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். தடித்த போல்ட் நுழைவதற்காக ஃபிளாஞ்சின் (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தகடு) துளையை அரத்தால் ராவி நீள்வட்டமாக்கியிருக்கிறார்கள். ஒரு போல்ட் சாய்ந்து நிற்கிறது, அதன் அடியில் எம் சீல் (பிசைந்து பூசும் எபாக்சி பசை). அந்த இடத்துச் சூட்டில் எபாக்சி பசை எதுவும் நிலைக்காது, உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் புகை கசிகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது. பில்லில் 'ஹெட் வேலை' என்று ஒரே வரி. ஸ்டட் முறிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறிவது யார் கையிலும் நடக்கும். அதை மறைத்து பசை பூசிக் காசு வாங்கியதுதான் மோசடி.

சாய்ந்த துளைக்குக் காரணம் கை டிரில். முறிந்த ஸ்டட்டின் முகம் மேடு பள்ளமாக இருக்கும். அதைச் சமமாக ராவாமல், சென்டர் பஞ்ச் அடிக்காமல் டிரில் வைத்தால், பிட் கடினமான இரும்பிலிருந்து வழுக்கிப் பக்கத்து மெத்தென்ற அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். இறங்கிய பிறகு மூலத் துளை திரும்பக் கிடைக்காது.

முறையான வேலைக்கு முதலில் ஒரு ராத்திரி வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, சில மணி நேரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் கொஞ்சம் உதவும், ஸ்பிரே அளவுக்கு இறங்காது. காலையில் அறுமுக பாக்ஸ் ஸ்பானரால்தான் பிடிக்க வேண்டும். ஓபன் ஸ்பானர் நட்டின் முனையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கிரீச் சத்தம் வந்தால் நிறுத்தி எண்ணெய் விட வேண்டும். ஸ்பானரில் பைப் மாட்டித் திருகவே கூடாது. இந்த நட்டை இறுக்குவதற்கே 10 நியூட்டன் மீட்டர் சுமார் போதும், பைப்பின் பலத்தை 6 மி.மீ. ஸ்டட் தாங்காது.

நட் அசையாமல் ஸ்டட் முறுக்கிக்கொள்வது போல் ரப்பராக உணர்ந்தால் அங்கேயே நிறுத்தி, நட்டை உளியாலோ ஹாக்சாவாலோ பிளந்து எடுக்க வேண்டும். நட் சில ரூபாய், ஹெட் அப்படியல்ல.

சூடு நல்ல வழி. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனால் டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றி, ஸ்பிரேயைத் துடைத்த பிறகே நெருப்பு. வெல்டிங் பட்டறையின் கேஸ் சுடர் வேண்டாம். அலுமினியம் சிவந்து காட்டாமலே 660 டிகிரிக்குள் உருகிவிடும். சின்ன எல்.பி.ஜி. டார்ச் போதும். ஹெட்டில் பார் சோப்பைத் தேய்த்துவிடுங்கள், அந்தத் தடம் கறுத்தால் சூடு எல்லை மீறிவிட்டது.

அப்படியும் முறிந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் 8 மி.மீ. நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்பி, சூடு இருக்கும்போதே மெல்லத் திருகலாம். வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. வெல்டுக்கு முன் பேட்டரியையும் சிடிஐ (பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி) கனெக்ஷனையும் கழற்ற வேண்டும். மட்டத்தோடு முறிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையின் டிரில் மெஷினில் கட்டிச் செய்ய வேண்டும்: முதலில் 2.5 மி.மீ. பிட், பிறகு படிப்படியாக 5 மி.மீ., கடைசியில் 6 × 1 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையின் மிச்சத்தை எடுப்பது. ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டைக் கவ்வித் திருகி எடுக்கும் கருவி) போடுவதில் பயம் உண்டு. அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடாது. மரை போயிருந்தால் ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டு 6 மி.மீ. அளவையே மீட்கலாம்.

இந்த ஹெட்டுக்கு இப்போது இரண்டே வழி. வால்வுகளைக் கழற்றி, ஆர்கான் வெல்டால் துளையை நிரப்பி, நேராகத் துளைத்து, ஹெட்டின் முகம் கோணியிருக்கிறதா என்று பார்ப்பது. நேர்ப்பட்டை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் கோணல்தான். இல்லையென்றால் வேறு ஹெட்.

வண்டியைப் பட்டறையில் விடும் முன் அந்த இரண்டு நட்டையும் போட்டோ எடுங்கள். "முறிந்தால் டிரில் போடும் முன் போன் பண்ணுங்க" என்று சொல்லி, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது 10-ஆம் நம்பர் ஸ்பானர் நட்டில் உட்காருகிறதா, ஃபிளாஞ்ச் துளை வட்டமாக இருக்கிறதா, ஸ்டட் இரண்டும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். அடியில் சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் ஆணியால் சுரண்டுங்கள்: அலுமினியம் பளபளக்கும், பசை பொடியும். மாட்டும்போது சாதாரண கிரீஸ் போட விடாதீர்கள், கருகி ஒட்டிக்கொள்ளும். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி சீஸ் பேஸ்ட்தான் அங்கே.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வேலையை விவரித்த பில்லும், முன்பும் பின்பும் எடுத்த போட்டோவும், கழற்றிய பழைய ஸ்டட்டும் கையில் இருக்கட்டும்.